எதிர்ப்பக்கத்து மில்காரருக்கு

நானா,

இன்று காலை பத்து மணியளவில் எனக்கு விடாமல் தும்மல் வந்தது. மாவுத் தூசிக்கு நான் தும்முவதில்லை, மூக்கு அதற்குப் பழகிவிட்டது. எட்டிப் பார்த்தால் உங்கள் மில் திறந்திருக்கிறது. காய்ந்த செத்தல் மிளகாயின் நெடி ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. ஏழு மாதமாக நம்முடைய சந்தியில் இந்த நெடி இல்லை. ரிவர்ஸ்டன் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மெஷின் முன்னால் நின்றது ராத்தா. உங்கள் வீடுகளில் அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும் சொல்வார்களே, உங்கள் மனைவியை நான் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன். நீங்கள் இருந்த காலத்தில் எப்படியும் கூப்பிட்டதில்லை. ஒரு தலையாட்டலோடு சரி.

நீங்கள் மவுத்தான பிறகு உங்களோடு நான் பேசுவது இதுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தபோது மட்டும் பேசிக் கிழித்துவிட்டோமா என்ன? பதினொரு வருஷம் ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்தில் இருந்தோம். நீங்கள் மிளகாய் அரைத்தீர்கள், நான் மா அரைத்தேன். அந்தப் பதினொரு வருஷமும் நான் உங்களை நம்பவில்லை. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம்பாமை எனக்குப் பிறவிக் குணம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நான் எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். "ஆளுங்க மூஞ்சியைப் பார்க்காத, முள்ளை மட்டும் பாரு" என்பாள். கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழித்துக்கொண்டே போவார்கள். சிரித்துப் பேசுகிற ஆள்தான் அதிகம் கழிப்பார். எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்துவிட்ட விஷயம் அது. சிரித்த முகத்தோடு யாராவது பக்கத்தில் வந்தால் இன்றைக்கும் என் கண் தானாக முள்ளைத் தேடும்.

அப்படிப்பட்டவள் முன்னால்தான் நீங்கள் சிரித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். அம்மா வேலையிலிருந்து விலகியபோது வந்த காசு முழுவதையும் ஒரு அரைக்கும் மெஷினில் போட்டிருந்தோம். அது சாக்கு மூடியபடி வாடகைக் கடையின் வாசலில் நின்றது. அம்மா அதன் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் ரோட்டைக் கடந்து வந்து மெஷினைத் தட்டிப் பார்த்தீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கலண்டர்த் தாளை எடுத்து நீட்டினீர்கள். அதன் பின்பக்கத்தில் லைசன் எடுக்க எந்தெந்த அரசாங்கக் கந்தோருக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று எழுதியிருந்தது.

"முதல்ல கிராம சேவகர். அவர்ட கடிதம் இல்லாம சுகாதாரம் பார்க்கிற பீ.எச்.ஐ. வர மாட்டார். பீ.எச்.ஐ. பார்க்காம பிரதேச சபைல விண்ணப்பப் போம் எடுக்க மாட்டாங்க. இந்த வரிசை மாறினா ஒவ்வொருத்தரும் உங்கள மத்தவர்ட்ட அனுப்பிட்டே ஈப்பாங்க, தங்கச்சி. நான் எட்டு மாசம் நடந்து படிச்சது இது."

இன்னொன்றும் சொன்னீர்கள். ஒரே மெஷினில் மிளகாயும் மாவும் அரைத்தால் மா கெட்டுவிடும், அதனால் சனம் மாவுக்கு மாத்தளை டவுனுக்குப் போகிறது. நீங்க மா மட்டும் அரைங்க, நான் மாவை விட்டுர்றேன், மிளகாயும் மசாலாவும் மட்டும் அரைக்கிறேன், ரெண்டு பேருக்கும் நல்லம் என்றீர்கள்.

நீங்கள் போனதும் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "எதிரே கடை போடுறவளுக்கு எவனாச்சும் வழி சொல்லுவானா?" என்றாள் அம்மா. மிளகாயில்தான் வேலை அதிகம் என்று எங்களுக்கும் தெரியும். வருஷம் முழுக்க மிளகாய் வரும். மா பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும்தான். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார் என்று முடிவு கட்டினோம். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். நீங்கள் எழுதிய வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் எழுதியிருந்த சபைக்கு முதலில் போனேன்.

சபையில் பீ.எச்.ஐ.யிடம் போகச் சொன்னார்கள். பீ.எச்.ஐ. கிராம சேவகரிடம் போகச் சொன்னார். கிராம சேவகர் அன்றைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். இப்படியே நான்கு மாதம். நான்கு மாதமும் மெஷின் சாக்குக்குள்ளேயே கிடந்தது, அம்மா அதற்குக் காவல் இருந்தாள். நான் குடையோடு பஸ்ஸில் ஏறுவதையும் இறங்குவதையும் நீங்கள் எதிரிலிருந்து பார்த்தீர்கள். ஒரு நாளும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடிக்கலாம் என்று நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன்.

கடைசியில் உங்கள் வரிசையிலேயே போய் மூன்று கிழமையில், எண்ணி இருபத்தொரு நாளில், லைசன் எடுத்தேன். நன்றி சொல்லவில்லை. மில்லைத் திறந்து மிளகாயும் அரைத்தேன், மாவும் அரைத்தேன்.

அரைத்தேன் என்று சொல்கிறேனே தவிர, என் கண் மெஷினில் இருந்ததில்லை. யார் உங்கள் பக்கம் போகிறார்கள், யார் கையில் எத்தனை பை, எந்த அதிகாரியின் மோட்டார் சைக்கிள் உங்கள் வாசலில் நிற்கிறது என்று பார்ப்பதே எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. நீங்கள் வேலை செய்கிற விதமும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பாடமானது. போனை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடுவீர்கள். வந்த பைகளை வந்த வரிசையில் பலகையில் அடுக்குவீர்கள். ஒரு பை மெஷினில் இருக்கும்போது அடுத்த பையின் கட்டை அவிழ்க்க மாட்டீர்கள். அரைக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீர்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்து மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். கர்வம் பிடித்த மனிதர் என்று நினைத்தேன்.

ஒரு நாள் தேத்தண்ணி வாங்கப் போகிற வழியில் என் வாசலில் நின்றீர்கள். "ராவைக்கு ஒரு வாட்ச்சர் போடலாம்னு பார்த்த. பகலைக்கு வேணாம். தங்கச்சி நீங்க ஈக்கிறீங்களே" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு முகம் சுட்டது. "என் கடையில நின்னு எங்க வேணா பாப்பேன்" என்றேன். "பாருங்க, பாருங்க. மெஷினையும் ஒருக்காப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதைக் கேட்டிருக்கலாம். அடுத்த மாதமே பாலத்தடி வீட்டுக் கல்யாணம் வந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு இடியாப்பம் போட அரிசி கொடுத்திருந்தார்கள். நான் அதற்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தேன். மிளகாய் அரைத்தால் இரண்டு கொத்து அளவு மலிவு அரிசியை மெஷினில் ஓடவிட்டுக் கழுவி எடுக்க வேண்டும். அந்த அரிசியைக் கோழிக்குப் போட வேண்டும். எந்த மில்காரருக்கும் தெரிந்த விஷயம் அது. அந்த நேரம் பார்த்து உங்கள் வாசலில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார், கையில் பைல். எனக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே கல்யாண அரிசியை மெஷினில் கொட்டிவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பந்தலில் நடந்ததை எனக்கு ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் வாயைத் திறந்தபடி கிணற்றடிக்கு ஓடினாராம். பிள்ளைகள் அழுதார்களாம். இளஞ்சிவப்பு இடியாப்பத்தைப் பார்த்து, விசேஷத்துக்காக நிறம் போட்டது என்று நினைத்து, ஆசையாக எடுத்து வைத்தார்களாம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கடைக்குள் போய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம் போல் இருந்தது. உங்கள் வாசலில் இறங்கிய அதிகாரி தேர்தல் இடாப்புக்குப் பெயர் பதிய வந்தவராம்.

ஒரு கிழமை கழித்து சபையிலிருந்து கடிதம் வந்தது. என் மில்லுக்கு எதிராக யாரோ கையால் எழுதிப் போட்ட பெட்டிசத்தின் பிரதியும் அதோடு இருந்தது. மிளகாய்த் தூசு, சத்தம், சுத்தமில்லை, கல்யாண வீட்டுச் சம்பவம், எல்லாம் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து இல்லை, "ஊர் மக்கள்" என்று மட்டும் இருந்தது. விசாரணை முடியும்வரை லைசன் புதுப்பிக்க மாட்டார்கள். லைசன் போனால் மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அம்மாவும் நானும் மறுபடி லயத்துக்கு ஏற வேண்டியதுதான்.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நேரே உங்கள் கடைக்கு வந்தேன். பத்துப் பேர் பையோடு நின்றார்கள். "நீங்கதானே எழுதினீங்க?" என்று கத்தினேன். நீங்கள் மெஷினில் இருந்த பையை அரைத்து முடித்தீர்கள். சுவிட்சை அணைத்தீர்கள். கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தீர்கள். வாசித்தபோது உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு, "விசாரணைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லிருக்காங்க?" என்று கேட்டீர்கள்.

அவ்வளவுதான். நான் எழுதவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை, நானா. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. எழுதாத ஒருவருக்கு 'நான் இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

விசாரணைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தீர்கள். எனக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். சிங்களத்தில் நிதானமாகப் பேசினீர்கள். இவர் செய்தது பிழைதான், மெஷினைக் கழுவாமல் மா அரைத்தது பிழை என்று முதலில் சொன்னீர்கள். பிறகு, ஒரே மெஷினில் இரண்டும் அரைக்கிற எல்லோரும் என்றோ ஒரு நாள் இந்தப் பிழையைச் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன் என்றீர்கள். இவர் மா மட்டும் அரைக்கட்டும், தூசும் இருக்காது, நெடியும் இருக்காது. நான் இனி மா அரைக்கமாட்டேன். எதிர்க்கடைக்காரன் என்ற முறையில், எனக்கு ஆட்சேபனை இல்லை என்று நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று முடித்தீர்கள். சபைச் செயலாளர் யோசித்துவிட்டு அந்த நிபந்தனையோடு லைசனைத் தந்தார்.

வெளியே வந்ததும் அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. முதல் நாள் நீங்கள் கேட்டது எதுவோ அதுவே கடைசியில் நடந்திருந்தது. மிளகாய் உங்களுக்கு, மா எனக்கு. பெட்டிசத்தையும் எழுதி, அதிலிருந்து என்னைக் காப்பாற்றியும் விட்டு, நினைத்ததைச் சாதித்துக்கொண்ட மனிதர் என்று பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன்.

நீங்கள் வாக்கைக் காப்பாற்றுகிறீர்களா என்று சோதித்தும் பார்த்தேன். தெரிந்த பெண் ஒருத்தியிடம் ஐந்து கிலோ அரிசியைக் கொடுத்து உங்களிடம் அரைத்து வரச் சொன்னேன். நீங்கள் பையைத் தொடாமல் அவளை என் கடைக்குத் திருப்பி அனுப்பினீர்கள். மாலையில் கடை பூட்டிவிட்டு வந்து, "அந்தச் சாக்குக் கட்டு உங்கடதான் தங்கச்சி, எனக்குத் தெரியும். அடுத்த முறை வேற கட்டுப் போட்டு அனுப்புங்க" என்றீர்கள். உங்களுக்குக் கோபமே வராதா என்று அன்றைக்கு எனக்கு எரிச்சல் வந்தது. கோபம் வராத ஆளிடம் ஏதோ மறைவு இருக்கிறது என்றுதான் என் புத்தி போனது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மா மட்டும் அரைக்கத் தொடங்கிய பிறகுதான் என் மில் மில்லானது. வெள்ளை மா கிடைக்கிறது என்று தெரிந்ததும் சனம் டவுனுக்குப் போவது நின்றது. மாவுக்கு வந்தவர்கள் மிளகாயையும் கொண்டுவந்தார்கள், மிளகாய்க்கு வந்தவர்கள் குரக்கன் தானியத்தையும் கொண்டுவந்தார்கள். மேலே ரிவர்ஸ்டன் பக்கம் சுற்றுலாக்காரருக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள். இப்போது என்னிடம் இரண்டு மெஷின். நீங்கள் சொன்னபடியே இரண்டு பேருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஜனவரியும் லைசன் புதுப்பிக்க நீங்கள் என் போமில் கையெழுத்துப் போடும்போது, இந்த வருஷம் போடமாட்டார் என்றே நினைத்துக்கொண்டு நிற்பேன்.

உங்கள் ஜனாஸாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன். பெண்கள் பக்கத்தில் ஒரு மூலையில் நின்றேன். அதற்குப் பிறகு ராத்தா வெளியே வராமல் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் உங்கள் கடை பூட்டிக் கிடந்தது. சனம் என்னிடம் வந்து, "நீங்களே மிளகாய்க்கும் ஒரு மெஷின் போடுங்களேன்" என்று கேட்டது. விலைகூட விசாரித்து வைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

இத்தா முடிந்து இரண்டாவது நாள் ராத்தா என் கடைக்கு வந்தார். கையில் போம். லைசன் உங்கள் பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றி மில்லை நடத்தப்போவதாகச் சொன்னார். எதிர்க்கடைக்காரி என்று என் கையெழுத்து வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். ராத்தா என் கையைப் பிடித்தார்.

"போடுறதுக்கு முந்தி ஒண்டு சொல்லணும். அந்தப் பெட்டிசம் நான் எழுதின. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி ஈந்த நேரம். நீங்க எதிர்ல வந்து கடை போட்டதும் எனக்குப் பயம் புடிச்சிட்டு. அவருக்குத் தெரியாது. நீங்க கொண்டுவந்த கடிதத்துல என்ட எழுத்தக் கண்டுதான் அவருக்குத் தெரிஞ்ச. 'நான் இல்லேன்னு சொன்னா அந்தத் தங்கச்சி அடுத்ததா யாருன்னு கேப்பா, அதுக்கு நான் எனத்தச் சொல்ல'ன்னு என்னட்ட கேட்டார். அதோட அந்தக் கதைய விட்டுட்டார்."

வாசித்தபோது உங்கள் முகம் மாறியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த இடத்திலேயே நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. என் புத்தி வேறு கணக்குப் போட்டது. செத்துப்போன புருஷனின் பெயரைக் காப்பாற்ற ஒரு பெண் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளமாட்டாளா? என்னைக் கரைத்துக் கையெழுத்து வாங்கத்தான் இந்தக் கதையா? கரைப்பதென்றால் கையெழுத்து வாங்கிய பிறகுதானே சொல்லியிருப்பார்? கையெழுத்துக்கு முன்னால் சொன்னால் நான் போடாமல் விடலாம், மில் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து, எது உண்மை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, நானா. நீங்களும் சொல்லப் போவதில்லை. ஆனால் இத்தனை வருஷம் நான் உங்களைப் பார்த்த பார்வைக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் எழுதியிருந்தாலும் வெட்கம்தான், எழுதாவிட்டாலும் வெட்கம்தான்.

கையெழுத்துப் போட்டேன். பெயர் மாற்றுவதற்கு எந்தக் கந்தோருக்கு முதலில் போக வேண்டும், மரணச் சான்றிதழில் எத்தனை பிரதி வேண்டும் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். ராத்தா அந்தத் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "எனத்துக்கு இவ்வளவு செய்றீங்க? நான் அப்படிச் செஞ்சவ" என்றார். "உங்க மில் மூடிக் கெடந்தா என் மாவுக்கும் ஆள் கொறையுதுங்க ராத்தா" என்றேன். சத்தியமான பதில் அது. அவர் நம்பவில்லை. பழிவாங்கத்தான் ஏதோ செய்கிறேன் என்று நினைக்கிறார் போல.

நினைக்கட்டும் என்றுதான், லைசன் பெயர் மாறி வந்த இந்த இரண்டரை மாதமும், நேற்றுவரை இருந்தேன். இன்று காலை மில்லைத் திறந்ததிலிருந்து மிளகாய் அரைத்துக்கொண்டே அவர் என் பக்கம் பார்க்கிறார். நான் பையை வாங்கினால் பார்க்கிறார், யாராவது என்னோடு பேசினால் பார்க்கிறார், நான் போனை எடுத்தால் எட்டிப் பார்க்கிறார். நான் திரும்பினால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறார். போனை டின்னில் போட்டேன், சத்தத்தைக் கேட்டேன், ஒரு பை முடிய ஒரு பை எடுத்தேன், ஒன்றும் உதவவில்லை. முதுகில் யாரோ கை வைத்திருப்பது போலவே இருந்தது. ஒரு வீட்டின் உளுத்தம்மாவில் இன்னொரு வீட்டின் அரிசியைக் கொட்டினேன். வாளி நிரம்பி மா காலடியில் வழிந்ததைப் பையோடு நின்ற ஆள் சொல்லித்தான் பார்த்தேன்.

பதினொரு வருஷம் நான் உங்களை இப்படித்தான் பார்த்தேன். ஒரு நாளும் உங்கள் கை தடுமாறவில்லை, ஒரு வீட்டு மிளகாய் இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை. என்னால் ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்க முடியவில்லை, நானா. மத்தியானத்தோடு கதவைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.